நானே செய்த சான்றிதழை பிரவுசர் ஏன் ஏற்பதில்லை? நோட் சர்வரில் எச்டிடிபிஎஸ் வைப்பது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. நோட் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் மென்பொருள்), எக்ஸ்பிரஸ் (அதன் மேல் தளம் எழுத உதவும் நூலகம்) வைத்து ஒரு சர்வர் எழுதியிருக்கிறீர்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கக் கருவியின் கமாண்டில் நீங்களே ஒரு சாவியும் சான்றிதழும் உருவாக்கி, வாடகை லினக்ஸ் சர்வரில் எச்டிடிபிஎஸ்ஸுக்கான 443ஆம் போர்ட்டில் ஓட விட்டிருக்கிறீர்கள். லேப்டாப்பில் குரோம் எச்சரிக்கை காட்டுகிறது, ஆனால் அதைத் தாண்டி உள்ளே போக முடிகிறது. ஆண்ட்ராய்டு ஆப் மட்டும் அடியோடு மறுக்கிறது. ‘ரிஜெக்ட்அன்ஆதரைஸ்ட்’ என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் போதும் என்கிறார் ஒரு நண்பர். காசு கொடுத்து சான்றிதழ் வாங்கினால்தான் தீரும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். கடைசியில், கோடு முழுவதும் கிட்ஹப்பில் இருக்கிறது, யாராவது பாருங்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பார்த்தேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டு நண்பர்கள் சொன்னதும் உங்களுக்கு உதவாது. ஏன் என்று சொல்வதற்கு முன், உங்கள் கேள்விக்கு அடியில் இருக்கும் இன்னொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். தகவல் பூட்டப்பட்டுத்தானே போகிறது, அப்புறம் பிரவுசருக்கு என்ன பிரச்சினை?

பூட்டப்பட்டுத்தான் போகிறது, அதில் சந்தேகமே வேண்டாம். நீங்கள் செய்த சான்றிதழிலும், ஒரு வங்கி வைத்திருக்கும் சான்றிதழிலும் நடக்கும் குறியாக்கம் ஒரே தரம்தான். பிரவுசரின் கவலை வேறு: யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது. நடுவில் ஒருவன் உட்கார்ந்து, தானே ஒரு சாவி செய்து, ‘நான்தான் அந்த சர்வர்’ என்று சொன்னால் அவனிடமும் எல்லாம் அழகாகப் பூட்டப்பட்டுத்தான் போய்ச் சேரும். அதைத் தடுக்கத்தான் சான்றிதழ். ‘இந்தப் பொதுச்சாவி இந்த டொமைனுக்குச் சொந்தம்’ என்று பிரவுசர் ஏற்கெனவே நம்பும் ஓர் அமைப்பு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் தாள் அது. செல்ஃப் சைன்ட் சான்றிதழ் என்பது என் வருமானம் இவ்வளவு என்று நானே எழுதி, நானே கையெழுத்தும் போட்டு, கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தோடு கொடுப்பது போல. எழுதியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வாங்குகிறவருக்கு அதை உறுதி செய்ய வழியில்லை.

இப்போது முதல் நண்பரின் யோசனை. அந்த அமைப்பை நீங்கள் சர்வர் பக்கத்தில், ‘கிரியேட்சர்வர்’ அழைப்புக்குள் போட்டிருக்கிறீர்கள். அங்கே அதற்கு இருக்கும் பொருளே வேறு. இணைப்பவரிடம் சர்வர் சான்றிதழ் கேட்கும்படி அமைத்திருந்தால், அவர் கொடுப்பது செல்லாததாக இருந்தாலும் உள்ளே விடலாமா என்பதுதான் சர்வரில் அதன் வேலை. நீங்கள் யாரிடமும் சான்றிதழ் கேட்கவில்லை, அதனால் அந்த வரி அங்கே சும்மா கிடக்கிறது. நோட் நிரலே இன்னொரு சர்வரைக் கூப்பிடும்போது அந்த வரியைப் போட்டால் வேலை செய்யும், ஆனால் அங்கே அது செய்யும் வேலை ஆபத்தானது. எதிரே யார் இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்வதற்குச் சமம். இதே தவறைச் சூழல் மாறி மூலம் செய்யவும் ஒரு வழி இருக்கிறது: ‘நோட் டிஎல்எஸ் ரிஜெக்ட் அன்ஆதரைஸ்ட்’ என்ற மாறிக்கு 0 கொடுப்பது. அப்படிச் செய்தால் அந்த ப்ராசஸ் செய்யும் எல்லா வெளி அழைப்புக்கும் சரிபார்ப்பு போய்விடும், பேமென்ட் கேட்வேக்குப் போகும் அழைப்பு உட்பட. நோட்டே எச்சரிக்கை வரி ஒன்றை அச்சடித்துப் புலம்பும். ‘சோதனைக்காகத்தானே’ என்று போட்ட வரி புரொடக்ஷன் வரை போனதை நான் ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது நண்பரின் யோசனைக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்க்ரிப்ட் பொதுமக்களுக்குத் திறந்த பிறகு அந்த நியாயம் போய்விட்டது. லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு நடத்தும் சேவை அது. டொமைன் உங்கள் கையில்தான் இருக்கிறது என்பதை மட்டும் கணினியே சோதித்து இலவசமாகச் சான்றிதழ் தரும். காசு கொடுத்தால் நிறுவனத்தின் பெயரையும் விசாரித்துச் சேர்த்துத் தருவார்கள். முன்பு அதற்காக பிரவுசரில் பச்சைப் பட்டை தெரியும். 2019இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அந்தப் பட்டையை எடுத்துவிட்டன. பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் அந்த வகைச் சான்றிதழ்தான் வேண்டும் என்று சில சமயம் எழுதியிருக்கும், அப்போது வாங்கித்தான் ஆக வேண்டும். உங்கள் தேவைக்குச் செலவு வேண்டாம். வேண்டியதெல்லாம் ஒரு டொமைன் பெயர்.

சரி, நோட் பக்கத்துக்கு வருவோம். உண்மையில் இது பத்து வரி வேலை, வேறு எதையும் நிறுவ வேண்டாம். எச்டிடிபிஎஸ் என்ற மாட்யூல் நோட்டுடனே வருகிறது. இரண்டு கோப்புகளை ‘ரீட்ஃபைல்சிங்க்’ மூலம் படித்து, ஒன்றை ‘கீ’ என்றும் மற்றதை ‘செர்ட்’ என்றும் ஒரு ஆப்ஜெக்டில் வைத்து, அதை முதல் அளவுருவாகவும் உங்கள் எக்ஸ்பிரஸ் ஆப்பை இரண்டாவதாகவும் ‘கிரியேட்சர்வர்’ அழைப்புக்குக் கொடுத்து, வரும் சர்வரை 443இல் ‘லிசன்’ செய்யச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. எக்ஸ்பிரஸ் ஆப்பிலேயே நேராக ‘லிசன்’ அழைத்தால் அது உள்ளுக்குள் சாதாரண எச்டிடிபி சர்வரைத்தான் தொடங்கும். அந்தப் போர்ட்டுக்கு எச்டிடிபிஎஸ் முகவரி போட்டுப் போனால் ‘எஸ்எஸ்எல் புரோட்டகால் எரர்’ வரும். சான்றிதழில் எந்தக் குறையும் இருக்காது. இரண்டாவது, கோப்பின் உள்ளடக்கத்துக்குப் பதில் கோப்பின் பாதையையே கொடுத்துவிடுவது. ‘நோ ஸ்டார்ட் லைன்’ என்று ஓப்பன்எஸ்எஸ்எல்லிடமிருந்து புரியாத ஒரு பிழை வந்தால் முதலில் இதைப் பாருங்கள். பெம் கோப்பு (சாவியையும் சான்றிதழையும் எழுதி வைக்கும் உரைக் கோப்பு) ஐந்து கோடுகளும் ‘பிகின்’ என்ற சொல்லுமாகத் தொடங்க வேண்டும், அந்தத் தொடக்கம் கிடைக்கவில்லை என்றுதான் அது சொல்கிறது. மூன்றாவது, பழைய சாவியையும் புதிய சான்றிதழையும் சேர்த்துக் கொடுப்பது. ‘கீ வேல்யூஸ் மிஸ்மேட்ச்’ என்று வந்தால் அதுதான்.

பழைய வழிகாட்டிகளில் சைஃபர் (குறியாக்க முறை) பட்டியல் ஒன்றை நீளமாக ஒட்டச் சொல்லியிருப்பார்கள். ஒட்டாதீர்கள். எச்டிடிபிஎஸ்ஸின் அடியில் இருக்கும் குறியாக்க நெறிமுறைக்குப் பெயர் டிஎல்எஸ்; நோட் 12இலிருந்து இயல்பாகவே டிஎல்எஸ் 1.2க்குக் கீழே ஏற்பதில்லை, 1.3 தெரிந்தவர்களிடம் 1.3இல் பேசும். 1.0, 1.1 இரண்டையும் 2021 மார்ச்சில் இணையப் பொறியியல் குழு முறைப்படி கைவிட்டுவிட்டது. 2016இல் யாரோ எழுதிய பட்டியலை ஒட்டினால், இன்று இருக்கும் நல்ல நிலையை நீங்களே கெடுத்துக்கொள்வீர்கள்.

சான்றிதழ் வாங்குவது எப்படி என்றால், செர்ட்பாட் என்ற கருவிதான் அதிகம் பேர் பயன்படுத்துவது. சர்வரில் அதை நிறுவி உங்கள் டொமைனைச் சொன்னால், லெட்ஸ் என்க்ரிப்ட் ஒரு சிறு சொல்லைக் கொடுத்து ‘இதை உன் தளத்தில் இந்தப் பாதையில் வை, நான் வந்து பார்க்கிறேன்’ என்று சொல்லும். அது வந்து பார்ப்பது சாதாரண எச்டிடிபிக்கான 80ஆம் போர்ட்டில். பாதுகாப்புக்காக 80ஐ முழுக்க அடைத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்பவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்காமல் போவது இதனால்தான். 80ஐத் திறந்தே வையுங்கள், வருபவர்களை 443க்கு 301 கொடுத்துத் திருப்பிவிடுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் அந்தத் திருப்பலையும் பின்தொடர்ந்து வரும். இன்னொரு பொறி ஐபிவி6. டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் பதிவேட்டில்) எப்போதோ போட்ட ஒரு ‘குவாட் ஏ’ பதிவு, அதாவது ஐபிவி6 முகவரி, பழைய சர்வரைக் காட்டிக்கொண்டிருந்தால், சோதனை முதலில் அங்கேதான் போகும். உங்களுக்கு லேப்டாப்பில் எல்லாம் சரியாகத் தெரியும், சான்றிதழ் மட்டும் வராது. நான் ஒரு முழு மாலையை இதில் தொலைத்திருக்கிறேன்.

80ஐத் திறக்கவே முடியாத இடமென்றால் டிஎன்எஸ்ஸில் ஒரு டெக்ஸ்ட் பதிவு போட்டு நிரூபிக்கலாம். எல்லா துணை டொமைனுக்கும் சேர்த்து நட்சத்திரக் குறி போட்ட வைல்டுகார்டு சான்றிதழ் வேண்டுமென்றால் அந்த வழி மட்டும்தான். முயற்சி செய்யும்போது லெட்ஸ் என்க்ரிப்ட்டின் ஸ்டேஜிங் (சோதனை) சர்வரில் முயலுங்கள். உண்மையான சர்வரில் அளவு வைத்திருக்கிறார்கள்: அதே பெயர்களுக்கு வாரத்துக்கு 5 சான்றிதழ்தான். டாக்கர் கன்டெய்னர் (நிரலை அடைத்து ஓட்டும் பெட்டி) ஒவ்வொரு முறை எழும்போதும் புதிதாகச் சான்றிதழ் கேட்கும்படி எழுதிவிட்டு, ஆறாவது ரீஸ்டார்ட்டில் தளமே நின்று போனவர்கள் உண்டு.

இப்போது உங்கள் ஆண்ட்ராய்டு ஆப். உங்களுக்கு வருவது செல்ஃப் சைன்ட் பிரச்சினைதான். ஆனால் நல்ல சான்றிதழ் வாங்கிய பிறகும் இதே மறுப்பு திரும்பி வரலாம், அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன். செர்ட்பாட் முடித்ததும் லெட்ஸ் என்க்ரிப்ட் ஃபோல்டருக்குள் ‘லைவ்’ என்பதன் கீழ் நான்கு கோப்புகள் இருக்கும். சாவி ஒன்று. ‘செர்ட்’ என்று ஒன்று. ‘செயின்’ என்று ஒன்று. ‘ஃபுல்செயின்’ என்று ஒன்று. நோட்டிலும் அமைப்பின் பெயர் ‘செர்ட்’ என்றே இருப்பதால் எல்லோரும் ‘செர்ட்’ கோப்பையே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்க வேண்டியது ‘ஃபுல்செயின்’.

காரணம் இது. வருமானச் சான்றிதழ் விஏஓ, ஆர்ஐ என்று மேஜை மேஜையாக ஏறுவது போல, இங்கேயும் கையெழுத்து ஒரே தாவலில் வேர்வரை போவதில்லை. பிரவுசருக்கும் போனுக்கும் தெரிந்தது உச்சியில் இருக்கும் வேர் அமைப்பை மட்டும். அந்த வேர் ஓர் இடைநிலை அமைப்புக்குக் கையெழுத்துப் போட்டிருக்கும், இடைநிலை உங்களுக்குப் போட்டிருக்கும். உங்கள் தாளையும் இடைநிலையின் தாளையும் சேர்த்து அனுப்ப வேண்டியது சர்வரின் பொறுப்பு. அனுப்பாவிட்டால் டெஸ்க்டாப் குரோம் சான்றிதழுக்குள் இருக்கும் முகவரியைப் பார்த்து விடுபட்ட தாளைத் தானே போய் எடுத்துக்கொள்ளும். ஃபயர்ஃபாக்ஸ் இடைநிலைகளை முன்கூட்டியே கையில் வைத்திருக்கும். ஆண்ட்ராய்டு ஆப்பும் கர்ல் கருவியும் நோட்டும் பொதுவாக அப்படித் தேடிப் போகாது. ‘பிரவுசரில் வருகிறது, ஆப்பில் வரவில்லை’ என்று யார் சொன்னாலும் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

சந்தேகத்தைத் தீர்க்க ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ‘எஸ் கிளையன்ட்’ கட்டளை போதும். ‘கனெக்ட்’ என்பதற்கு டொமைனும் 443உம், ‘சர்வர்நேம்’ என்பதற்கு அதே டொமைனும் கொடுத்து ஓட்டுங்கள். கடைசியில் ‘வெரிஃபை ரிட்டர்ன் கோட்’ என்று ஓர் எண் வரும். 0 என்றால் நலம். 10 என்றால் காலாவதி. 18 என்றால் செல்ஃப் சைன்ட், இன்று உங்களுக்கு இதுதான் வரும். 20 அல்லது 21 வந்தால் பெரும்பாலும் இடைநிலைத் தாள் விடுபட்டிருக்கிறது. பிரவுசரில் எச்சரிக்கையைத் தாண்டித் தாண்டிப் போய்ப் பார்ப்பதைவிட இந்த ஒரு எண் அதிகம் சொல்லும்.

வீட்டு வைஃபையில் போனை வைத்துச் சோதிக்கும் நிலைக்கு வேறு வழி வேண்டும். 192.168 என்று தொடங்கும் முகவரிக்கு எந்தப் பொது அமைப்பும் சான்றிதழ் தராது. லேப்டாப்பில் மட்டும் வேலையென்றால், ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற பெயருக்கு பிரவுசர்கள் தனிச் சலுகை தருகின்றன. கேமரா, சர்வீஸ் வொர்க்கர் போன்றவை அங்கே சாதாரண எச்டிடிபியிலேயே ஓடும், சான்றிதழே தேவையில்லாமல் போகலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் எம்கேசெர்ட் என்ற சிறு கருவி உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு குட்டி வேர் அமைப்பை நிறுவி, அதன் கையெழுத்தில் சான்றிதழ் தரும். ஓப்பன்எஸ்எஸ்எல்லிலேயே செய்வேன் என்றால் டொமைன் பெயரை ‘சப்ஜெக்ட் ஆல்ட்நேம்’ பகுதியில் எழுத மறக்காதீர்கள். ‘காமன் நேம்’ பகுதியில் மட்டும் எழுதிய பெயரை குரோம் 2017இல் வந்த 58ஆம் பதிப்பிலிருந்து பார்ப்பதே இல்லை. போனில் இன்னொரு படி இருக்கிறது: ஆண்ட்ராய்டு 7இலிருந்து, பயனர் தானாக நிறுவும் வேர்ச் சான்றிதழை ஆப்கள் இயல்பாக நம்புவதில்லை. ஆப்பின் நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிக் கோப்பில், டீபக் பில்டுக்கு (சோதனைப் பதிப்புக்கு) மட்டும் என்று குறிப்பிட்டு அனுமதிக்க வேண்டும். எனக்கு ஆப் எழுதும் பழக்கம் குறைவு. இதில் நான் செய்து பார்த்தது இரண்டு ப்ராஜெக்டில் மட்டும்தான், அதனால் உங்கள் ஆப் எந்தக் கட்டமைப்பில் எழுதப்பட்டிருக்கிறதோ அதன் ஆவணத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது ஒரு நாள் வேலை. எனக்கு இந்த விஷயத்தில் பாடம் கற்றுக்கொடுத்தது அதற்கு அடுத்த 90 நாட்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் வழக்கமாகத் தரும் சான்றிதழுக்கு ஆயுள் அவ்வளவுதான். செர்ட்பாட் ஒரு நாளைக்கு இரண்டு முறை எழுந்து பார்த்து, முடியப் போகும் சமயத்தில் தானே புதுப்பித்துவிடும். நானும் அந்தத் தைரியத்தில் இருந்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய கடைக்காரருக்காக நான் வைத்துக் கொடுத்த தளம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காலாவதி எச்சரிக்கையோடு நின்றது. பதறிப்போய் சர்வருக்குள் போய்ப் பார்த்தால் சான்றிதழ் புதுசாக, ஒரு மாதம் முன்பே புதுப்பிக்கப்பட்டு உட்கார்ந்திருக்கிறது! புரிய எனக்கு அரை மணி நேரம் ஆனது. நோட் அந்தக் கோப்பைப் படித்தது தொடங்கிய அன்று ஒரே ஒரு முறை. அதன் பிறகு டிஸ்க்கில் என்ன மாறினாலும் அதற்குத் தெரியாது. நினைவகத்தில் இருந்த பழைய சான்றிதழையே நாள் தவறாமல் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தது. என் நிரல் மூன்று மாதம் விழாமல் ஓடியதுதான் அன்று வினையானது. அடிக்கடி விழுந்து எழுந்திருந்தால் தப்பித்திருக்கும்.

இதற்கு நோட்டிலேயே வழி இருக்கிறது. பதிப்பு 11இலிருந்து சர்வர் ஆப்ஜெக்டில் ‘செட்செக்யூர்கான்டெக்ஸ்ட்’ என்ற மெத்தட் உண்டு. புதிய சாவியையும் சான்றிதழையும் படித்து அதற்குக் கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகளை அறுக்காமல் அடுத்து வருபவர்களுக்குப் புதியதைக் காட்டத் தொடங்கும். இரண்டையும் சேர்த்தே படியுங்கள், ஏனென்றால் செர்ட்பாட் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் சாவியையும் மாற்றிவிடும். எப்போது படிப்பது? ‘லைவ்’ ஃபோல்டரில் இருப்பவை வேறிடத்தைச் சுட்டும் இணைப்புகள்தான், அதனால் கோப்பு மாறுகிறதா என்று கண்காணிக்கும் ‘ஃபைல் வாட்ச்’ முறை அங்கே ஏமாற்றும். செர்ட்பாட்டின் டிப்ளாய் ஹுக்கில் (புதுப்பித்ததும் அது தானே ஓட்டும் இடத்தில்) ஒரு சிறு ஸ்கிரிப்ட் போட்டு, புதுப்பித்ததும் நோட் ப்ராசஸுக்கு ‘சிக்ஹப்’ சிக்னல் அனுப்பச் செய்து, அந்த சிக்னல் வந்தால் கோப்புகளை மறுபடி படிக்கும்படி நிரலில் எழுதுங்கள். ‘சிக் யூஎஸ்ஆர் 1’ வேண்டாம், அதை நோட் தன் டீபக்கருக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது. இதெல்லாம் எதற்கு, ஹுக்கில் ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் போகலாமே என்றால், உங்கள் அளவுக்கு அதுவும் சரிதான். ஒரு நொடி நின்று எழும், அவ்வளவுதான்.

புதுப்பிப்பைக் கையால் செய்துகொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆயுள் குறைந்துகொண்டே போகிறது. 2020 செப்டம்பரிலிருந்து எந்தப் பொதுச் சான்றிதழும் 398 நாளைத் தாண்ட முடியாது என்று வந்தது. சான்றிதழ் வழங்குபவர்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் இன்னும் இறக்கிவிட்டது: 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். காசு கொடுத்து வாங்கினாலும் இதேதான். போதாக்குறைக்கு, ‘உங்கள் சான்றிதழ் முடியப் போகிறது’ என்று அனுப்பிவந்த நினைவூட்டல் மின்னஞ்சலை லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. வெளியிலிருந்து தினமும் ஒரு முறை இணைத்துப் பார்த்து, 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் உங்களுக்குச் செய்தி அனுப்பும் சிறு ஸ்கிரிப்டை வேறொரு கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். சர்வரில் இருக்கும் கோப்பைப் பார்த்துச் சொல்லும் ஸ்கிரிப்ட் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையில் உதவியிருக்காது.

இன்னொரு குழப்பம் 443ஆம் போர்ட். லினக்ஸில் 1024க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறக்க இயல்பாக ரூட் (முழு நிர்வாகி) உரிமை வேண்டும். உங்கள் கோடைப் பார்த்தால் நோட்டையே சூடோ (ரூட் உரிமை தரும் கட்டளை) போட்டு ஓட்டுகிறீர்கள் என்று தெரிகிறது. நீங்கள் இறக்கி வைத்திருக்கும், பிறர் எழுதிய நூற்றுக்கணக்கான என்பிஎம் பேக்கேஜ்களில் ஏதோ ஒன்றில் ஓட்டை இருந்தால், வருபவன் கையில் முழு சர்வரும் போய்விடும். நோட் நிரலுக்கு அந்தப் போர்ட்டைத் திறக்கும் உரிமையை மட்டும் ‘செட்கேப்’ மூலம் தரலாம். ஆனால் சாவிக் கோப்பும் ரூட் மட்டுமே படிக்கும்படி பூட்டியிருக்கும், அதை வேறிடத்தில் சரியான உரிமையோடு நகலெடுக்க ஹுக்கில் இன்னும் இரண்டு வரி எழுத வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் வழக்கமாக நோட்டில் டிஎல்எஸ் வேண்டாம் என்று முடிவெடுப்பேன். முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்து, அது 443இல் பேசட்டும். நோட் 127.0.0.1 என்ற, அதே கணினிக்குள் மட்டும் தெரியும் முகவரியில் 3000ஆம் போர்ட்டில் சாதாரண எச்டிடிபியில் இருக்கட்டும். சாவி நோட்டின் கைக்கே வராது, ரூட் வேண்டாம், செர்ட்பாட்டின் என்ஜின்எக்ஸ் ப்ளக்இன் புதுப்பித்த பிறகு ரீலோடும் தானே செய்துவிடும். கேடி என்று இன்னொரு சர்வர் இருக்கிறது (பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்). டொமைன் பெயரை எழுதி, நோட் இருக்கும் போர்ட்டைச் சொன்னால், சான்றிதழ் வாங்குவது, புதுப்பிப்பது, 80இலிருந்து திருப்புவது எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இப்போதெல்லாம் அதைத்தான் சொல்கிறேன். இது என் விருப்பம், விதி இல்லை. நோட்டிலேயே டிஎல்எஸ் வைத்து நன்றாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். இணைப்பவர்களின் சான்றிதழை நிரலுக்குள் சோதிக்க வேண்டும் என்பது போன்ற தேவை இருந்தால் அதுவே நேர்வழி. வேகத்தில் வித்தியாசம் உண்டா என்றால், உங்கள் தளத்துக்கு வரும் கூட்டத்தில் உணர மாட்டீர்கள் என்பது என் அனுபவம். அளந்து பார்த்து எண் சொல்லும் அளவுக்கு நான் அதை ஆராய்ந்ததில்லை.

என்ஜின்எக்ஸ் வழியில் போனால் இரண்டு இடத்தில் கவனம். நோட் ‘லிசன்’ செய்யும்போது 127.0.0.1 என்று சேர்த்துக் கொடுக்காவிட்டால் 3000ஆம் போர்ட் வெளியுலகத்துக்கும் திறந்தே கிடக்கும், முன்னால் பூட்டிவிட்டு பின்கதவைத் திறந்து வைத்த கதை. அப்புறம், எக்ஸ்பிரஸுக்குத் தெரிவதெல்லாம் என்ஜின்எக்ஸிடமிருந்து வரும் சாதாரண எச்டிடிபி மட்டும்தான். அதனால் ‘செக்யூர்’ (எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் போக வேண்டியது) என்று குறித்த குக்கியை எக்ஸ்பிரஸ் செஷன் அனுப்பாது, லாகின் செய்தாலும் அடுத்த பக்கத்தில் மறுபடி லாகின் கேட்கும். என்ஜின்எக்ஸில் ‘எக்ஸ் ஃபார்வேர்டட் ப்ரோட்டோ’ ஹெட்டரை அனுப்பச் சொல்லி, எக்ஸ்பிரஸில் ‘டிரஸ்ட் ப்ராக்ஸி’ அமைப்பை 1 என்று வைத்தால் தீர்ந்தது.

எச்எஸ்டிஎஸ் ஹெட்டர் போடலாமா என்றும் நடுவில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். போடலாம், ஆனால் இன்று வேண்டாம். அது பிரவுசரிடம் ‘இத்தனை விநாடிக்கு இந்த டொமைனை எச்டிடிபிஎஸ் இல்லாமல் திறக்காதே’ என்று சத்தியம் வாங்கும். எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் வழியையும் அது எடுத்துவிடும். முதலில் 300 விநாடி, எல்லாம் சரியாக இருந்தால் ஒரு நாள், ஒரு புதுப்பிப்பு தானாக நடந்து முடிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு ஒரு வருடம் என்று கூட்டுங்கள். பிரவுசருக்குள்ளேயே பெயரைப் பதிக்கும் ப்ரீலோட் பட்டியல் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். அதில் சேர்வது சுலபம், வெளியே வர மாதக்கணக்கில் ஆகும்.

சான்றிதழ் வாங்கிய சில நிமிடங்களில் உங்கள் சர்வர் லாகில் யார் யாரோ வந்து அட்மின் பக்கத்தைத் தேடுவதைப் பார்ப்பீர்கள். பயப்பட ஒன்றும் இல்லை. வழங்கப்படும் பொதுச் சான்றிதழ்கள் வெளிப்படையான பதிவேடுகளில் ஏற வேண்டும் என்பது குரோமின் 2018 முதலான நிபந்தனை, அந்தப் பதிவேட்டை வாசித்துக்கொண்டே இருக்கும் பாட்கள் ஏராளம். அதனால் வெளியே தெரியக்கூடாத பெயரைத் துணை டொமைனாக வைத்து அதற்குத் தனிச் சான்றிதழ் வாங்காதீர்கள். சர்வரைத் திறக்கும் முன்பே பாஸ்வேர்டு போட்டு முடித்திருங்கள்.

கடைசியாக கிட்ஹப். உங்கள் சாவிக் கோப்பும் அங்கே இருக்கிறது, யாருக்கும் திறக்கும் நிலையில். நல்லவேளை, அது செல்ஃப் சைன்ட் சான்றிதழின் சாவி, வெளியில் யாரும் அதை நம்பவில்லை, அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. அதை எந்தப் போனிலாவது நம்பகமான சான்றிதழாக நிறுவியிருந்தால் மட்டும் இன்றே நீக்குங்கள். கோப்பை டிலீட் செய்து புதிய கமிட் போட்டால் போய்விடாது, பழைய கமிட்டில் அப்படியே இருக்கும். வரலாற்றைத் துடைப்பதில் நேரம் செலவிட வேண்டாம், அந்தச் சாவியைச் செத்ததாக நினைத்துக்கொண்டு, டொமைனுக்குப் புதிய சாவியோடு சான்றிதழ் வாங்குங்கள். சாவிகள் இருக்கும் ஃபோல்டரை கிட்இக்னோரில் (ரெப்போவில் சேர்க்க வேண்டாதவற்றின் பட்டியலில்) சேர்த்துவிட்டு அதன் பிறகு அடுத்த புஷ் செய்யுங்கள். அதே ரெப்போவில், ரகசிய அமைப்புகளை எழுதி வைக்கும் ‘டாட் என்வ்’ கோப்பும் இருக்கிறது. அதில் இருக்கும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உண்மையானதாகத் தெரிகிறது, சான்றிதழ் வேலையைத் தொடங்குவதற்கு முன் அதை மாற்றுங்கள்.